ஓடியது நீங்கள், கணக்கு யாரிடம்?

"ஸ்ட்ராவா நல்லதா, கார்மின் கனெக்ட் நல்லதா, போனோடு வருவதே போதுமா?" ஓட்டத்தைப் பதிவு செய்ய எந்த ஆப் என்ற இந்தக் கேள்வி ஓட்டக் குழுக்களில் ஓய்வதே இல்லை. வரும் பதில்களும் தெரிந்தவைதான்: மேப் அழகு, பேட்ஜ் தருகிறது, சந்தா மலிவு. நான் முதலில் பார்ப்பது வேறு. உள்ளே போன தரவை, போனபடியே திருப்பித் தருமா? தராத ஆப் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம் என்பேன்.

ஏனென்றால் ஆப்கள் மூடிப்போகும். எண்டொமொண்டோ என்ற ஓட்ட ஆப்பை அண்டர் ஆர்மர் 2015-இல் வாங்கியது, 2020 டிசம்பர் 31-ஓடு மூடியது. ஃபேஸ்புக் 2014-இல் வாங்கிய மூவ்ஸ் 2018 ஜூலையில் போனது. கூகுளின் மை டிராக்ஸ் 2016-இலேயே காலி. கூகுள் ஃபிட்டிலிருந்து மற்ற ஆப்கள் தரவு எடுக்கும் ஏபிஐ-க்கும் 2026 என்று நாள் குறித்தாயிற்று. கடையை மூடாதவர்களுக்கும் கெட்ட நாள் வரும். 2020 ஜூலையில் ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் நச்சு மென்பொருள்) தாக்கியதில் கார்மின் கனெக்ட் பல நாள் படுத்துவிட்டது. அப்போதும் வாட்சை யூஎஸ்பி கேபிளில் கணினியோடு இணைத்து, உள்ளே இருக்கும் ஆக்டிவிட்டி ஃபோல்டரைத் திறந்தவர்களுக்கு ஓட்டம் பத்திரமாகக் கையில் கிடைத்தது.

அந்த ஃபோல்டரில் கிடப்பது ஃபிட் (.fit) கோப்பு, கூகுள் ஃபிட் அல்ல. அதுதான் மூலப் பத்திரம். வினாடிவாரியாக இடம், துடிப்பு, கேடன்ஸ் (நிமிடத்துக்கு எத்தனை அடி), லேப் (பொத்தானை அழுத்திப் பிரித்த பகுதி), எந்தக் கருவியில் பதிவானது என்பது வரை அதில் இருக்கும். ஒரு மணி நேர ஓட்டத்துக்கு நூறு, இருநூறு கேபிதான் வரும். பத்து வருட ஓட்டமும் ஒரு பழைய பென் டிரைவில் அடங்கிவிடும். ஜிபிஎக்ஸ் என்ற இன்னொரு கோப்பு வகை அப்படியல்ல. அது வழித்தடத்துக்காக உருவான வடிவம். லேப் என்ற சங்கதியே அதில் கிடையாது. துடிப்பைக்கூட ஒட்டுப்போட்டுத்தான் சேர்க்கிறார்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அட்சரேகை, தீர்க்கரேகை கட்டாயம் என்பதால் டிரெட்மில் ஓட்டத்தை ஜிபிஎக்ஸாக எடுக்கவே முடியாது. ஜிபிஎக்ஸ் மட்டும் தரும் ஆப்பில் மழைக்காலத்து ஜிம் ஓட்டமெல்லாம் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். டிசிஎக்ஸ் என்ற மூன்றாவது வகை இருந்தால் லேப்பும் துடிப்பும் தப்பும்.

ஆகவே சந்தா கட்டுவதற்கு முன் ஒரு சோதனை. ஒரு வெளி ஓட்டம், ஒரு டிரெட்மில் ஓட்டம், இரண்டிலும் நாலு லேப் அழுத்துங்கள். இரண்டையும் எக்ஸ்போர்ட் செய்து, வேறு ஒரு மென்பொருளில் திறங்கள். கணினியில் கோல்டன்சீட்டா போதும். இலவசம், திறமூலம், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். நாலு லேப்பும் துடிப்பும் வந்ததா? வந்தால் அந்த ஆப்பை நம்பலாம். திறந்ததும் தேதி 1989 டிசம்பர் 31 என்று காட்டினால் பயப்பட வேண்டாம், ஃபிட் கோப்பு நேரத்தை அந்த நாளிலிருந்துதான் வினாடியாக எண்ணுகிறது. கருவியின் கடிகாரம் பூஜ்ஜியத்தில் இருந்திருக்கிறது, அவ்வளவே.

ஸ்ட்ராவாவில் மொத்தமாக எடுக்கும் வழி கொஞ்சம் பயமுறுத்தும். இணையதளத்தில் செட்டிங்ஸ், மை அக்கவுண்ட், அங்கே அடியில் 'டவுன்லோடு ஆர் டிலீட் யுவர் அக்கவுண்ட்'. பெயரைப் பார்த்துத் திரும்பிவிடாதீர்கள். உள்ளே போய் ஆர்கைவ் கேட்கும் பொத்தானை மட்டும் அழுத்தினால் மின்னஞ்சலில் லிங்க் வரும். ஜிப்பில் எண் பெயரோடு கோப்புகள் குவிந்திருக்கும். எது எந்த ஓட்டம் என்பது கூடவே வரும் சிஎஸ்வி என்ற அட்டவணைக் கோப்பில். கார்மினில் தனி ஓட்டத்தின் பக்கத்திலேயே மூலக் கோப்பை எக்ஸ்போர்ட் செய்யலாம்.

இங்கேதான் நம் ஊர்க்காரர்கள் தடுக்கி விழுவது. கோப்புக்குள் நேரம் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். நாம் அதற்கு ஐந்தரை மணி முன்னால். 2025 மார்ச் 16 ஞாயிறு காலை 5 மணிக்கு நீங்கள் ஓடியது, கோப்பில் சனி இரவு 11.30. நேர மண்டலத்தைக் கவனிக்காத மென்பொருள் அந்த நீண்ட ஓட்டத்தைச் சனிக்கிழமைக் கணக்கில் எழுதிவிடும். வாரம் ஞாயிறில் தொடங்குவதாக வைத்திருந்தால் 25 கிலோமீட்டர் போன வாரத்துக்குப் போய்விடும், ஒன்றாம் தேதி என்றால் போன மாதத்துக்கு. காலை ஐந்தரைக்குப் பிறகு ஓடுபவருக்கு இந்தத் தொல்லை தெரியவே தெரியாது. ஸ்ட்ராவாவின் சிஎஸ்வியிலும் தேதி யூடிசிதான். எக்செலில் திறந்து அந்தத் தேதி நெடுவரிசையோடு 5.5/24 (ஐந்தரை மணி, நாளின் பின்னமாக) கூட்டினால் சரியாகிவிடும்.

மாற்ற முடியாதவையும் உண்டு. விஓ2 மேக்ஸ் (உடல் பயன்படுத்தும் ஆக்சிஜனின் உச்ச அளவு), டிரெயினிங் லோடு (பயிற்சிச் சுமை), ரெக்கவரி மதிப்பெண் எல்லாம் அளந்தவை அல்ல, அந்தந்த நிறுவனம் கணக்கிட்டவை. ஆப் மாறினால் பூஜ்ஜியத்திலிருந்து தொடங்கும். பெயர் ஒன்றாக இருப்பதை நம்பாதீர்கள்: ஹெச்ஆர்வி (துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தின் மாறுபாடு) என்று ஆப்பிள் காட்டுவது எஸ்டிஎன்என், கார்மினும் ஃபிட்பிட்டும் காட்டுவது ஆர்எம்எஸ்எஸ்டி, இரண்டும் வேறு வேறு கணக்கு. இரண்டையும் ஒரே கிராஃபில் ஒட்டினால் வாட்ச் மாற்றிய நாளில் உங்களுக்கு ஏதோ ஆகிவிட்டது போலத் தெரியும்.

ஆப்கள் உடல்நலத் தரவைப் பகிர்ந்துகொள்ள ஆண்ட்ராய்டு தரும் ஹெல்த் கனெக்ட் நல்ல ஏற்பாடு, தரவு போனிலேயே இருக்கும். ஆனால் புதிய ஆப்புக்கு அனுமதி கொடுத்தால், தனியாகப் பழைய தரவுக்கு அனுமதி தராதவரை, முந்தைய 30 நாளை மட்டுமே அது பார்க்கும். 'என் நாலு வருஷம் எங்கே' என்ற புலம்பல் பாதி இதனால்தான். ஐபோன் ஹெல்த்தில் உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு 'எக்ஸ்போர்ட் ஆல் ஹெல்த் டேட்டா' கொடுத்தால் எல்லாம் வரும், பெரும்பாலும் ஒரு பிரம்மாண்ட எக்ஸ்எம்எல் கோப்பாக. அதைத் திரும்ப உள்ளே ஏற்ற ஆப்பிளே வழி வைக்கவில்லை. பேக்கப் என்று நினைத்து ஏமாற வேண்டாம்.

வாட்ச் இல்லை, ஆண்ட்ராய்டு போன் மட்டும் என்றால் ஓப்பன்டிராக்ஸ். இணைய அனுமதியே கேட்காத ஆப், எங்கே எதை அனுப்பும்? அமேஸ்ஃபிட், ஷாவ்மி பேண்டுகளுக்கு, கம்பெனி ஆப்புக்குப் பதிலாக, கேட்ஜெட்பிரிட்ஜ் என்ற ஆப் இருக்கிறது. பல மாடல்களில் முதலில் கம்பெனி ஆப்பில் இணைத்து ஒரு கீ (பேண்டைத் திறக்கும் ரகசியக் குறியீடு) எடுக்க வேண்டும். எடுத்தபின் அந்த ஆப்பில் 'அன்பேர்' அழுத்தினீர்களோ, கீ செல்லாது, மறுபடி முதலிலிருந்து. ஆப்பை அப்படியே அன்இன்ஸ்டால் செய்யுங்கள், அன்பேர் வேண்டாம்.

இன்னொன்று, கோப்பை யாருக்காவது அனுப்பும்போது. ஸ்ட்ராவாவில் ஆரம்ப இடத்தை மறைத்து வைத்திருப்பீர்கள். அந்த மறைப்பு திரையில் மட்டும்தான், மூலக் கோப்பில் இல்லை. கோச்சுக்கு வாட்சப்பில் போகும் ஃபிட் கோப்பின் முதல் புள்ளி உங்கள் வீட்டு கேட். வழித்தடம் அவருக்குத் தேவையில்லை என்றால், லேப் நேரத்தையும் துடிப்பையும் சிஎஸ்வியாக எடுத்து அதை அனுப்பினால் போதும்.