கிண்டிலும் கைபேசியும் ஒரே திரையா?

"கிண்டிலில் படிப்பதும் கைபேசியில் படிப்பதும் ஒன்றுதான், இரண்டும் கண்ணுக்குள் வெளிச்சத்தைப் பாய்ச்சும்" என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் தகவல் தவறு.

அமேசானின் மின்னூல் வாசிப்பானான கிண்டிலில் இருப்பது மின்மைத் திரை (இ-இங்க்). நுண்ணிய குமிழ்களுக்குள் கறுப்பு, வெள்ளைத் துகள்கள் மின்னூட்டத்தால் மேலும் கீழும் நகர்ந்து எழுத்தாகின்றன. தாளைப் போலவே, மேலே விழும் வெளிச்சம் பட்டுத் திரும்புவதால்தான் அது தெரிகிறது. வெயிலில் இன்னும் தெளிவாக. விளக்கு உள்ள மாடல்களிலும் ஓரத்து எல்இடிகள் திரையின் மேல்தான் ஒளியைப் பரப்புகின்றன. (டேப்லெட்டில் கிண்டில் செயலியைத் திறந்து படித்தால் இது பொருந்தாது.)

"தமிழ் நூல் கிடைக்காது" என்பதும் சரியல்ல. 2016 முதல் கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்பனைக்கு உள்ளன. தன்னார்வலர்கள் நடத்தும் மின்னூலகமான மதுரைத் திட்டமோ 1998 முதல் பழந்தமிழ் நூல்களை இலவசமாகவே தருகிறது.

அச்சுப் புத்தகம் வாங்குவதை நான் விடவில்லை. எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்க வேண்டிய தடித்த நூல்களை மட்டும் கிண்டிலில் வைத்திருக்கிறேன்.