நிற்கிறவர்கள் காலடியிலும் அளந்து பாருங்கள்

சேலம் டவுன் பஸ்ஸைப் பற்றிக் கூட்டம், சில்லறை, நேரத்துக்கு வராத வண்டி என்று எல்லாம் பேசுகிறோம். நின்றுகொண்டு போகிறவர்கள் உடம்பு வாங்குகிற குலுக்கலை யாரும் பேசுவதில்லை. எனக்கு அது ஆறவே மாட்டேன் என்கிறது. துணிக்கடையில் நாள் முழுக்க நின்ற பெண்கள்தான் சாயங்காலம் பழைய பஸ் ஸ்டாண்டில் ஏறி, கோரிமேடு வரைக்கும் மறுபடி நிற்கிறார்கள்.

உட்கார்ந்தவருக்கு சீட் கொஞ்சம் தாங்கும். நிற்பவருக்கு அதிர்வு தளத்திலிருந்து நேராகக் குதிகாலில் ஏறுகிறது. முழங்காலை விறைப்பாக வைத்தால் இடுப்பு, முதுகு, தலை வரை போகும். லேசாக மடக்கினால் பெரும்பகுதியை முழங்காலே வாங்கிக்கொள்ளும். சரி, ஒரு கையில் கம்பி, மறு கையில் டிபன் பை, முன்னும் பின்னும் ஆள் என்று நிற்கும்போது எங்கே மடக்குவது? மூட்டு வலிக்காரர் எவ்வளவு நேரம் மடக்கி நிற்பார்?

அதிலும் பின் டயருக்குப் பின்னால் இருக்கிற இடம் மோசம். அச்சைத் தாண்டி நீண்டிருக்கிற பகுதி என்பதால் வேகத்தடையில் பின் சக்கரம் ஏறி இறங்கும்போது அங்கே நிற்பவரைத் தூக்கிப் போடுகிறது. 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க வேண்டிய வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம் இருக்க வேண்டும் என்று சாலைகளுக்கான தரங்களை வகுக்கிற இந்தியச் சாலைக் காங்கிரஸ் அமைப்பு 1988-லேயே சொன்னது. நம் தெருக்களில் கிடப்பதோ குறுகலான மேடுகள்.

ஏற்காடு பஸ்ஸில் வேறு கதை. 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் உடம்பு பக்கவாட்டில் மெதுவாகச் சாய்ந்து சாய்ந்து வரும். மெதுவான ஆட்டம்தான் குமட்டலைக் கிளப்பும்.

இதையெல்லாம் அளக்க முடியாது என்று சொல்ல வழியில்லை. ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேசத் தரம் உட்கார்ந்தவர், நிற்பவர் இருவருக்குமே அளக்கும் முறையைச் சொல்கிறது. மேலும் கீழுமான அதிர்வில் நொடிக்கு 4 முதல் 8 தடவை வரை வருவதுதான் உடம்பை அதிகம் படுத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2002-லேயே தொழிலாளர்களுக்கு 8 மணி நேர வேலையில் உடம்பு வாங்குகிற அதிர்வுக்கு உச்சவரம்பு வைத்துவிட்டது. அங்கே என்றால் நாள் முழுக்க நின்றே டிக்கெட் கிழிக்கிற நம் கண்டக்டர் அந்தக் கணக்கில் வருவார். பக்கத்தில் நிற்கிற பயணி அங்கேயும் வரமாட்டார்.

நிற்க இத்தனை பேர் என்று பஸ்ஸுக்குள்ளேயே எழுதி வைக்கிறோம். அப்படியானால் வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்.சி. சான்று எடுக்கும்போது ஓடுகிற வண்டியில், பின் டயருக்குப் பின்னால் அவர்கள் நிற்கிற தளத்திலும் ஓர் அளவுக்கருவியை வைத்துப் பாருங்கள். வருகிற எண்ணை டிப்போ வாசலில் ஒட்டுங்கள்.