கீபோர்டு இணைப்பு போய் மறுபடி வந்தால் என் மேப்பிங் ஏன் போகணும்?

மேப்பிங் என்றால் எந்த விசை என்ன வேலை செய்ய வேண்டும் என்று நான் மாற்றி வைத்தது. கேப்ஸ் லாக் எனக்குக் கன்ட்ரோல். வலது ஆல்ட் எனக்குக் கம்போஸ், அதாவது விசைகளைச் சேர்த்து அடித்துச் சிறப்பு எழுத்துகளைக் கொண்டுவரும் விசை. இரண்டையும் விசைகளை மாற்றும் எக்ஸ்மாட்மேப் என்ற கட்டளையில் எழுதி, லாகின் ஆனதும் ஓடும்படி வைத்திருக்கிறேன். அதைத் தூக்கி எறிய இந்த லினக்ஸுக்கு யார் உரிமை கொடுத்தது?

சென்னை கொருக்குப்பேட்டையில் மே மாதம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருக்கும். மானிட்டர் அணையும், அதன் யூஎஸ்பி ஹப்பில் செருகிய கீபோர்டும் கூடவே போகும். கரண்ட் வந்ததும் அதே கீபோர்டு, அதே போர்ட். ஆனால் லினக்ஸில் திரையையும் கீபோர்டையும் கவனிக்கும் எக்ஸ் சர்வருக்கு அது புதுச் சாதனமாம்! கேப்ஸ் லாக் பழையபடி கேப்ஸ் லாக் ஆகிவிடுகிறது. விம் என்ற எடிட்டரில் கன்ட்ரோல்-டி அழுத்திப் பக்கத்தைக் கீழே நகர்த்தப் போகிறேன், அது பெரிய டி ஆகி, கர்சரிலிருந்து வரியின் மிச்சத்தை அழிக்கிறது. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு, புழுக்கத்தில், வேலையை முடிக்க உட்கார்ந்தவனுக்கு இது எவ்வளவு எரிச்சல் தெரியுமா? ப்ளூடூத் கீபோர்டு வாங்கியவர்கள் நிலைமை இன்னும் மோசம். அது தூங்கி எழும் ஒவ்வொரு முறையும் இதே கதை.

காரணம் புரியாமல் கத்தவில்லை. எக்ஸில் ஒவ்வொரு கீபோர்டுக்கும் தனி மேப் உண்டு. எக்ஸ்மாட்மேப் ஓடுகிற நேரத்தில் எது செருகியிருக்கிறதோ அதற்குத்தான் மாற்றம். பிறகு வருவதற்கு இயல்பு மேப். சரி, உள்ளே அப்படித்தான் கட்டியிருக்கிறார்கள். அதற்காக நான் சொன்னதை மறந்துவிடலாமா? விசை எங்கே இருக்க வேண்டும் என்பது என் விரல்களின் முடிவு. கேபிள் ஆடியதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

கேட்டால் உடனே ஒரு அறிவுரை வரும்: சாதனம் செருகியதும் ஒரு ஸ்கிரிப்டை ஓட்டும்படி, சாதனங்களைக் கவனிக்கும் யூடெவ்வுக்கு ஒரு ரூல் எழுது. யூடெவ் ரூட்டாக (நிர்வாகிக் கணக்கில்) ஓடுகிறது, என் எக்ஸ் திரை எது என்று அதற்குத் தெரியாது. எக்ஸ் அந்தக் கீபோர்டை எடுத்துக்கொள்வதற்கு முன்பே ஸ்கிரிப்ட் ஓடி முடிந்துவிடும். உடனே, 'ஸ்லீப் 2 போடு, இரண்டு நொடி காத்திருக்கட்டும்' என்பார்கள். இரண்டு நொடி போதாத நாளில் என்ன செய்வது, மூன்றா? இதற்குப் பெயர் தீர்வா? இன்னொரு கூட்டம் எக்ஸுக்குப் பதிலாக வந்த வேலண்டுக்குப் போ என்கிறது. அங்கே வேலண்டில் நேரடியாக ஓடும் செயலிகளை எக்ஸ்மாட்மேப் தொடவே தொடாது.

உருப்படியான வழி எக்ஸ்மாட்மேப்புக்குக் கீழே இருக்கிறது. கேப்ஸ் லாக் மட்டும் மாற வேண்டும் என்றால் எக்ஸ் சர்வரின் அமைப்புக் கோப்பில் எல்லாக் கீபோர்டுக்கும் பொருந்தும்படி எக்ஸ்கேபி (எக்ஸின் விசைப்பலகை அமைப்பு) ஆப்ஷனாக எழுதிவிடலாம், புதிதாக வருவதும் அதை எடுத்துக்கொள்ளும். அதற்கு மேல் வேண்டியவர்கள் கீடி போடுங்கள், எக்ஸுக்கும் கீழே நின்று விசைகளை மாற்றும் நிரல் அது. அதன் அமைப்புக் கோப்பில், எந்தக் கீபோர்டு என்று குறிக்கும் ஐடி பகுதியில் ஒரு நட்சத்திரக் குறி வைத்தால் எந்தக் கீபோர்டு எப்போது வந்தாலும் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ், வேலண்டு, கறுப்புக் கன்சோல், எல்லா இடத்திலும் ஒரே மேப். இவ்வளவு சுலபமாகச் செய்யக்கூடிய ஒன்றை, எல்லா டெஸ்க்டாப்பின் செட்டிங்ஸிலும் ஒரு பட்டனாக வைத்து நிறுவும்போதே கொடுக்க இத்தனை வருடமாக என்ன தடை?