ஏமாந்தவரைப் பார்த்து 'இதுகூடத் தெரியாதா' என்று கேட்காதீர்கள்

என் தோழியின் மின்னஞ்சல் கணக்கு திருடர்கள் கைக்குப் போய்விட்டது. அதை அவள் என்னிடம் சொன்னது மூன்று நாள் கழித்துத்தான். "ஏன் உடனே சொல்லல?" என்று கேட்டேன். "இவ்வளவு படிச்சும் இதுல போய் விழுந்தியான்னு எல்லாரும் கேப்பாங்களே" என்றாள். கணக்கு போனதைவிட அந்தப் பதில்தான் எனக்கு இன்னும் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்த மூன்று நாளில் அவள் பெயரில் எத்தனை பேருக்கு என்னென்ன போயிருக்கும்!

அவளுக்கு வந்த மெயிலைப் பார்த்தேன். கூட வேலை செய்பவரின் உண்மையான முகவரியிலிருந்தே வந்திருந்தது. அவருடைய கணக்கு அதற்கு முன்பே பறிபோயிருந்தது. இருவரும் ஏற்கெனவே பேசிக்கொண்டிருந்த விஷயத்துக்குப் பதில் போலவே, 'நீங்கள் கேட்ட கோப்பு இதோ' என்று ஒரே ஒரு வரி. அழுத்தினால் வழக்கமான லாகின் பக்கம். கடவுச்சொல்லைத் தட்டினாள், அவ்வளவுதான். நேர்மையாகச் சொல்கிறேன், அந்த இடத்தில் நான் இருந்திருந்தாலும் தட்டியிருப்பேன்.

ஆனால் நாம் இன்னும் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்? எழுத்துப்பிழை இருக்கிறதா பார், மொழி கொச்சையாக இருக்கிறதா பார், தள முகவரிக்குப் பக்கத்தில் பூட்டுச் சின்னம் இருக்கிறதா பார். செயற்கை நுண்ணறிவு பிழையே இல்லாமல் கடிதம் எழுதிக்கொடுக்கும் காலத்தில் எழுத்துப்பிழையை நம்பி உட்கார முடியாது. பூட்டுச் சின்னம் சொல்வதெல்லாம் உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் நடுவே யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதை மட்டும்தான். அந்தத் தளமே திருடனுடையது என்றால் பூட்டு என்ன செய்யும்? மக்கள் அதைத் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால்தான் 2023-இல் கூகுள் குரோம் அந்தச் சின்னத்தையே எடுத்துவிட்டது.

பெரிய இடத்து ஆட்களும் விழுந்திருக்கிறார்கள். 2016 மார்ச்சில், அமெரிக்க அதிபர் தேர்தலுக்காகப் போட்டியிட்ட ஹிலாரி கிளின்டனின் பிரசாரத் தலைவர் ஜான் பொடெஸ்டாவுக்கு கூகுள் அனுப்பியது போலவே ஒரு மெயில் வந்தது. உங்கள் கடவுச்சொல் யாருக்கோ தெரிந்துவிட்டது, உடனே மாற்றுங்கள் என்றது. தொழில்நுட்ப உதவியாளரிடம் கேட்டார்கள். அவர் 'இது உண்மையான மெயில்' என்று பதில் எழுதினார். 'உண்மையல்ல' என்றுதான் எழுத நினைத்ததாகப் பின்னால் சொன்னார். கடவுச்சொல்லை மாற்றுவதற்கான அசல் கூகுள் முகவரியையும் அதே பதிலில் கொடுத்திருந்தார். ஆனாலும் அழுத்தப்பட்டது மெயிலில் இருந்த போலி இணைப்பு. கூகுளும் ஃபேஸ்புக்குமே 2013 முதல் 2015 வரை, லித்துவேனியாக்காரர் ஒருவர் அனுப்பிய போலி பில்களுக்கு 10 கோடி டாலருக்கும் மேல் பணம் அனுப்பியிருக்கின்றன. இவர்களையெல்லாம் படிக்காதவர்கள் என்றா சொல்வோம்?

என்னைக் கேட்டால், மெயிலை உற்றுப் பார்த்து அசலா போலியா என்று கண்டுபிடிக்கும் வேலையை மனிதர் தலையில் கட்டியதே தப்பு. நாளுக்கு ஐம்பது மெயில் பார்ப்பவர் ஐம்பதிலும் ஜெயிக்க வேண்டும். திருடனுக்கு ஒன்று போதும். அதுவும் அவன் நம்மை நிதானமாக யோசிக்க விடுவதில்லை. கணக்கு முடங்கும், பணம் போய்விடும், மேலதிகாரி காத்திருக்கிறார் என்று ஏதாவது ஓர் அவசரம் அதில் கட்டாயம் இருக்கும்.

அதனால் நான் என் வீட்டில் ஒரே ஒரு வழக்கத்தைத்தான் பிடிவாதமாகச் சொல்கிறேன். கணக்கு, பணம், கடவுச்சொல் பற்றி எது வந்தாலும், வந்த வழியே உள்ளே போகாதே. மெயிலை மூடு. செயலியை நீயே திற, அல்லது முகவரியை நீயே தட்டு. நிஜமாகவே பிரச்சினை இருந்தால் அங்கேயும் தெரியும். தெரிந்தவர் கேட்டால், உன்னிடம் ஏற்கெனவே இருக்கும் எண்ணில் அவரைக் கூப்பிடு. இதைச் செய்தால் மெயில் அசலா போலியா என்ற கேள்விக்கே வேலை இல்லை.

முகவரியைப் படிக்கத் தெரிந்திருப்பதும் நல்லதுதான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்கடுத்த முதல் சாய்கோட்டுக்குச் சற்று முன்னால், கடைசியாக என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். 'கூகுள் டாட் காம் டாட் ஏதோவொன்று டாட் நெட்' என்றிருந்தால் அது கூகுளின் தளம் இல்லை, ஏதோவொன்றின் தளம். ஆனால் கைப்பேசியின் சின்னத் திரையில், அவசரத்தில், இதை யார் பார்க்கப் போகிறார்கள்? நம் கடவுச்சொற்களைச் சேமித்து வைத்து, அந்தந்தத் தளத்தில் தானே நிரப்பும் பாஸ்வேர்ட் மேனேஜர் செயலி பார்க்கும். தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அது கடவுச்சொல்லைத் தானாக நிரப்பாது. வழக்கமாக நிரப்புவது ஒருநாள் சும்மா இருந்தால், நீங்களும் கையை எடுத்துவிடுங்கள்.

ஓடிபி இருக்கிறதே என்பார்கள். இல்லாததற்கு அது எவ்வளவோ மேல். ஆனால் போலிப் பக்கத்தில் நீங்கள் தட்டும் ஓடிபியை அந்த நொடியே அசல் தளத்தில் போட்டு அவர்கள் உள்ளே நுழைந்துவிட முடியும். பாஸ்கீயும் (கடவுச்சொல்லுக்குப் பதிலாகக் கைப்பேசியின் கைரேகையோ திரைப்பூட்டோ வைத்து உள்ளே போவது) செக்யூரிட்டி கீயும் (கணினியில் செருகும் சின்னச் சாவி போன்ற கருவி) அப்படி ஏமாறாது, ஏனென்றால் அவை அசல் தளத்தோடு மட்டுமே பேசும். 2022-இல் கிளவுட்ஃபிளேர் என்ற இணையப் பாதுகாப்பு நிறுவனத்து ஊழியர்களுக்குப் போலிக் குறுஞ்செய்தி வந்தபோது மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்தே விட்டார்கள். அங்கே எல்லோரும் செக்யூரிட்டி கீ பயன்படுத்தியதால் திருடர்களால் உள்ளே வர முடியவில்லை. அந்த மூவரையும் நிறுவனம் கண்டிக்கவில்லை. தப்பு நடந்தால் பயப்படாமல் வந்து சொல்லும் சூழல் வேண்டும் என்று வெளிப்படையாகவே எழுதினார்கள். அதைப் படித்தபோது என் தோழியின் அந்த மூன்று நாள்தான் ஞாபகத்துக்கு வந்தது.

சரி, தட்டிவிட்டீர்கள். அப்புறம்? வேறொரு நல்ல கருவியிலிருந்து உடனே கடவுச்சொல்லை மாற்றுங்கள். எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறும் வசதியை அழுத்துங்கள். மீட்பு எண்ணும் மீட்பு மின்னஞ்சலும் உங்களுடையவைதானா என்று பாருங்கள். அதே கடவுச்சொல்லை வேறு எங்கெல்லாம் வைத்திருக்கிறீர்களோ அங்கேயும் மாற்றுங்கள். வங்கி விவரம் கொடுத்திருந்தால் முதல் அழைப்பு வங்கிக்கு. அடுத்த அழைப்பு யாராவது ஒருவருக்கு, வெட்கப்படாமல்.

தோழி கடவுச்சொல்லை அன்றைக்கே மாற்றியிருந்தாள். தீர்ந்தது என்றுதான் நினைத்திருந்தாள். மூன்றாம் நாள் இருவரும் உட்கார்ந்து அமைப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். அவளுக்கு வரும் மெயில் எல்லாம் நகலாக முன்பின் தெரியாத ஒரு முகவரிக்குப் போகும்படி வைத்திருந்தார்கள். கடவுச்சொல் மாறிய பிறகும் அது போய்க்கொண்டே இருந்தது.