கேட் பாஸ் பதிவேட்டை முதலில் கேளுங்கள்

நிலக்கரியை விட்டாக வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் நிலக்கரி மின் நிலையத்தை மூடும்போது தொழிலாளிகளையும் ஊரையும் கைவிடாமல் பார்த்துக்கொள்கிறோம், இது 'நியாயமான மாற்றம்' என்று ஒரு திட்டம் வந்தால் நான் முதலில் பார்ப்பது, அதில் தொழிலாளி என்று யாரை எண்ணியிருக்கிறார்கள் என்பதைத்தான்.

அனல் மின் நிலையத்தின் சம்பளப் பட்டியலில் இருப்பவர்கள் ஒரு பகுதிதான். கரி கொண்டுபோகும் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திய கரியை அள்ளுபவர், சாம்பல் குழாயில் அடைப்பு எடுப்பவர், ஆண்டுக்கு ஒருமுறை ஓவர்ஹாலுக்கு (முழுப் பராமரிப்புக்கு) வரும் பாய்லர் வெல்டர், கேன்டீன் ஆட்கள், லாரி ஓட்டுநர்கள் எல்லாரும் காண்ட்ராக்டர் கணக்கு. காண்ட்ராக்டர் மாறுவார், ஆள் மாறமாட்டார். இருபது வருடம் உழைத்தவருக்குக் காகிதத்தில் இரண்டு வருட சர்வீஸ்தான் இருக்கும். இழப்பீட்டை சர்வீஸை வைத்துக் கணக்கிட்டால் கதை அங்கேயே முடிந்தது.

அதனால் ஆலை ஓடும்போதே கேட் பாஸ் பதிவேடு (வாசலில் யார் யாருக்கு நுழைவுச் சீட்டு தந்தார்கள் என்ற பதிவு), பாதுகாப்புப் பயிற்சிப் பதிவு, ஓய்வூதியச் சந்தா விவரம் மூன்றையும் ஒப்பிட்டுப் பெயர்ப் பட்டியல் எடுக்க வேண்டும். மூடிய பிறகு காண்ட்ராக்டரைத் தேடிப் பிடிக்க முடியாது, பதிவேடும் கிடைக்காது. தென்னாப்பிரிக்காவின் கோமாட்டி அனல் மின் நிலையம் 2022 அக்டோபரில் நின்றது. நிரந்தர ஊழியர்களை வேறு நிலையங்களுக்கு மாற்றினார்கள். ஒப்பந்தக்காரர்களின் ஆட்களுக்கு வேலை போனது. இத்தனைக்கும் அந்த நிலையத்தை மூடி மாற்றும் திட்டத்துக்கு உலக வங்கி ஒதுக்கியது 49.7 கோடி டாலர்!

அடுத்தது அவகாசம். ஆஸ்திரேலியாவின் ஹேசல்வுட் நிலையத்தை மூடப்போவதாக 2016 நவம்பரில் அறிவித்து, 2017 மார்ச்சில் மூடியே விட்டார்கள். ஐந்து மாதத்தில் எவர் புதுத் தொழில் கற்று வேலையில் சேர முடியும்? மூன்று ஆண்டு முன்னறிவிப்பு வேண்டும் என்ற விதி 2018-இல்தான் அங்கே வந்தது. ஆனால் ஹேசல்வுட்டுக்காக ஓர் உருப்படியான ஏற்பாட்டையும் செய்தார்கள். பக்கத்து மின் நிலையங்களில் வயதானவர்கள் விரும்பினால் முன்கூட்டியே ஓய்வு பெறலாம், அந்த இடங்களுக்கு ஹேசல்வுட் ஆட்கள் வரலாம். அதே தொழில், அதே ஊர். பக்கத்து நிர்வாகங்களும் சம்மதித்தால்தான் இது நடக்கும் என்பதுதான் சிக்கல்.

மறுபயிற்சி விஷயத்தில் எல்லாரையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பது வீண். சுவிட்ச்யார்டு (மின்சாரத்தை வெளியே அனுப்பும் முற்றம்), ரிலே (கோளாறைக் கண்டு இணைப்பைத் துண்டிக்கவைக்கும் கருவி), உயர் மின்னழுத்தம் ஆகியவற்றில் வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன்கள் சோலாருக்கோ பேட்டரிக்கோ சுலபமாக மாறிவிடுவார்கள். உயர் அழுத்த வெல்டருக்கு ரசாயன ஆலைகள் உண்டு. பாய்லர் ஆபரேட்டரின் சான்றிதழுக்குத்தான் சோலார் பண்ணையில் மதிப்பே கிடையாது. அங்கே கட்டுமானம் முடிந்தால் பெரும்பாலான வேலையும் முடிந்துவிடும். (பேனல் துடைக்கும் வேலையை மாற்று வேலை என்று அறிக்கையில் எழுதுபவர்கள் சம்பள வித்தியாசத்தையும் எழுதட்டும்.) பயிற்சிக் காலத்தில் பழைய சம்பளத்துக்குப் பக்கத்திலாவது உதவித்தொகை தராவிட்டால், பாதியிலேயே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஊர்க்காரர்களுக்கு மிஞ்சுவது சாம்பல் குட்டை, அதாவது கரி எரிந்த சாம்பலைத் தண்ணீரில் கலந்து கொட்டிவைக்கும் இடம். நிலையம் ஓடும்வரை பம்பு ஓடும், சாம்பல் ஈரமாக இருக்கும். நின்றதும் மேற்பரப்பு காய்ந்து காற்றில் பறக்கும். ஆர்சனிக், போரான் போன்றவை அடியில் நிலத்தடி நீருக்கு இறங்கும். மேலே மண் மூடி, ஓரங்களில் கண்காணிப்புக் கிணறு தோண்டி, பல ஆண்டுகள் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். அதற்கான பணத்தை மின்சாரம் விற்கும் காலத்திலேயே, கம்பெனி தொட முடியாத தனிக் கணக்கில் யூனிட்டுக்கு இவ்வளவு என்று பிடித்து வைக்க வேண்டும். திவாலான கம்பெனியிடம் யாரும் வசூலிக்க முடியாது.