அந்த போட்டோவுல இருக்கறது என் கை

காலையில காபி டம்ளரைக் கையில வச்சுக்கிட்டே, பழைய பேஸ் கிட்டார் ஒண்ணை விக்க ஒருத்தர் போட்டிருந்த அந்த விளம்பரத்தை மறுபடி பார்த்தேன். புதுசா ஒரு போட்டோ சேர்த்திருக்கார். பேஸ் கிட்டாரோட பின்பக்கம், நெக் பிளேட் (நெக்கைப் பாடியோட சேர்க்கற தகடு), ஒரு ஸ்க்ரூடிரைவர், அதைப் பிடிச்சிருக்கற ஒரு கை. கட்டை விரல்ல தேங்காய் உரிக்கறப்ப வாங்கின தழும்பு. என் கை! கீழ எழுதியிருக்கார்: "எக்ஸ்பர்ட் நேர்ல வந்து கழட்டி செக் பண்ணது." முந்தாநாள் வரைக்கும் 1,85,000 சொன்னது இன்னிக்கு 2,10,000. ஆக என் கையோட மார்க்கெட் ரேட் 25,000 ரூபா. இருபது வருஷமா வாசிக்கறேன், ஒரு கச்சேரியில கூட இந்தக் கைக்கு யாரும் அவ்வளவு குடுத்ததில்லை.

"1972 ஃபெண்டர் ஜாஸ் பேஸ். ஒரிஜினல் விண்டேஜ். ப்ரீ-சிபிஎஸ். டைம் பாஸ் பார்ட்டிங்க வேண்டாம்." இவ்வளவுதான் விளம்பரம். ஃபெண்டர்ங்கறது அமெரிக்க கிட்டார் கம்பெனி, ஜாஸ் பேஸ் அதோட ஒரு மாடல். லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை சிபிஎஸ்காரங்களுக்கு வித்தது 1965 ஜனவரியில, அதுக்கு முன்னாடி செஞ்சதுதான் "ப்ரீ-சிபிஎஸ்". 1972 எந்தக் கணக்குல "ப்ரீ"? அங்கேயே போனை மூடி வச்சிருக்கணும். மூணு போட்டோ இருந்துச்சு. அதுல ரெண்டுல பூப்போட்ட பெட்ஷீட்தான் தெளிவா விழுந்திருந்தது. மூணாவதுல பாடி. நெக் ஒண்ணுலயும் இல்லை. கேழ்வரகுல நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி வேணும். என் புத்தி அன்னிக்கு லீவு. உங்களுக்கும் அந்த வியாதி இருக்கும், "ஒருவேளை"ங்கற வியாதி. ஒருவேளை பெரம்பூர்ல யாரோ ஒரு ரயில்வே அங்கிள் டான்ஸ் பேண்டுல வாசிச்சுட்டு கட்டிலுக்கு அடியில போட்டுட்டு ஆஸ்திரேலியா போயிருந்தா? தாம்பரத்துலேர்ந்து கிளம்பிட்டேன். ஞாயித்துக்கிழமை. மே மாசம்.

சுவத்துல மாட்டியிருந்தார். வாசப்படியிலேயே தெரிஞ்சு போச்சு, நெக்ல இடம் காட்டப் பதிச்ச அடையாளமெல்லாம் வெறும் புள்ளி. ஜாஸ் பேஸ்ல 1966லேயே புள்ளி போய் கட்டம் கட்டமா இன்லே வந்தாச்சு, நெக் ஓரத்துல வெள்ளைப் பட்டியும் வந்தாச்சு. 1972ல புள்ளி எங்கேர்ந்து வரும்?

"அண்ணா, புள்ளியா இருக்கே?"

"நெக் மட்டும் மாத்தினது ப்ரோ."

"அப்ப பாடி?"

"பாடி அப்படியே ஒரிஜினல். பெயிண்ட் மட்டும் புதுசு."

"பிக்கப்?" (கம்பியோட அதிர்வைப் பிடிக்கற காந்தம்.)

"அது போயிடுச்சு. வேற போட்டோம்."

பிடியும் மாத்தியாச்சு, அலகும் மாத்தியாச்சு, ஆனா தாத்தா காலத்து அருவாள்.

சரி, வந்தாச்சு, தண்ணி குடிச்சாச்சு, அவங்க அம்மா டீ வேற போட்டுக்கிட்டு இருக்காங்க. கையில வாங்கினேன். பஞ்சு மாதிரி இருக்கு. எழுபதுகள்ல வந்த பல ஃபெண்டரை ஒரு மணி நேரம் தோள்ல மாட்டினா மறுநாள் அமிர்தாஞ்சன்தான். "எடையே இல்லையேண்ணா"ன்னேன். "வயசாக வயசாக மரம் காயும்ல ப்ரோ." மரம் காயட்டும். பாடியோட தடிமனுமா காயும்? 45 மில்லிமீட்டர் கிட்ட இருக்கணும். பையில ஸ்கேல் வச்சிருந்தேன் (ஆமா, நான் அப்படிப்பட்ட ஆள்தான்). கண்ணுக்கே தெரியற அளவு ஒல்லி.

தேய்மானத்தைச் சொல்லணும். ஐம்பது வருஷம் வாசிச்ச கிட்டார்ல பெயிண்ட் எங்க தேயும்? வலது முன்கை உரசற மேல் விளிம்புல. இதுல கீழ் விளிம்புல தேய்ஞ்சிருக்கு, எந்த மனுஷனோட கையும் படாத இடத்துல. உப்புத்தாளை வச்சுத் தேய்ச்ச புண்ணியவான் கிட்டாரைத் தலைகீழா மடியில போட்டுக்கிட்டுத் தேய்ச்சிருக்கார். கேட்டா, "முதல்ல வச்சிருந்தவர் லெஃப்ட் ஹேண்ட் ப்ரோ." கம்பி துருப்பிடிச்சு, தொட்டா டெட்டனஸ் ஊசி போடணும்போல இருந்தது. அதுக்கும் பதில் ரெடி. "ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பியே மாத்த மாட்டார், தெரியுமா?" தெரியும். அவர் 1962 ப்ரிசிஷன்ல (ஃபெண்டரோட இன்னொரு பேஸ்) தடிமனான, வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் கம்பி கட்டி, மோட்டவுன் ரெக்கார்டு கம்பெனி பாட்டுக்கெல்லாம் வாசிச்சார். அறுந்தாத்தான் மாத்துவார். அதுக்காகத் துரு எல்லாம் டோன் ஆயிடுமா?

ஹெட்ஸ்டாக், அதாவது நெக்கோட தலை, பின்னாடி கட்டை விரலை ஓட்டினேன். ஒரு இடத்துல மட்டும் சொரசொரன்னு பள்ளம். சீரியல் நம்பரைச் சுரண்டியிருக்கார். 1976லதான் ஃபெண்டர் நம்பரைத் தலைக்குக் கொண்டுபோனான். அதுக்கு முன்னாடி நெக் பிளேட்ல இருக்கும். 1972 கிட்டார்ல தலையில சுரண்ட என்னண்ணா இருந்துச்சு? ஜன்னல் பக்கம் சாய்ச்சுப் பார்த்தா, பேய் மாதிரி மங்கலா "ஐசிஎஸ்10". அதாவது இந்தோனேசியா, கோர்ட் ஃபேக்டரி, ஸ்க்வையர் (ஃபெண்டரோட விலை குறைஞ்ச பிராண்ட்), 2010.

ட்ரஸ் ராட் (நெக் வளையாம நிமிர்த்தற உள்கம்பி) ஓட்டையும் தலைப் பக்கம்தான், ஆலன் கீ போடற மாதிரி. 1972 ஜாஸ்ல அது பாடி பக்கம் இருக்கும், திருகணும்னா நெக்கையே தளர்த்தணும். இதைச் சொல்லிட்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனா நான் வாயைத் திறந்து, "நெக்கைக் கழட்டிப் பார்க்கலாமா?"ன்னு கேட்டுட்டேன்.

"ஐயோ ப்ரோ, கழட்டினா டோன் போயிடும்!"

நாலு ஸ்க்ரூ. மாட்டறதுக்கும் கழட்டறதுக்கும் சுலபமா இருக்கணும்னே லியோ ஃபெண்டர் போட்ட நாலு ஸ்க்ரூ. அதுக்கு நாப்பது நிமிஷம் பஞ்சாயத்து. கடைசியில அவரோட மச்சான் மிக்ஸி கழட்டற ஸ்க்ரூடிரைவரோட வந்தார். முதல் ஸ்க்ரூ வந்துச்சு. "பத்திரம் ப்ரோ." ரெண்டாவது வந்துச்சு. "போதுமே ப்ரோ." மூணாவது பாதியில நிக்குது, அம்மா டீயை நீட்டறாங்க, "தம்பி, சூடா இருக்கறப்பவே குடிச்சிடுப்பா." குடிச்சேன். மூணாவது வந்துச்சு. நாலாவதுக்குத் தலையே இல்லை, வழிச்சு வச்ச தோசைக்கல் மாதிரி மொழுக்குன்னு இருக்கு. ஏற்கெனவே யாரோ இதே சோதனையில தோத்துப் போயிருக்காங்க. மச்சான் ஒரு யோசனை சொன்னார். "ஃபெண்டர்லயே மூணு போல்ட் மாடல் உண்டே சார்." ஜாஸ் பேஸ்ல மூணு போல்ட் எழுபதுகளோட நடுவுலதான் வந்தது மச்சான். அதுவும் முக்கோணமா இருக்கும். நாலாவது வராததால மூணு ஆகாது.

அந்த நேரத்துலதான் அண்ணன் "ஒரு நிமிஷம் ப்ரோ, அப்படியே பிடிங்க"ன்னு போனைத் தூக்கினார். நானும் பிடிச்சேன். பல்லைக் காட்டாத குறைதான்.

போகட்டும்னு கன்ட்ரோல் பிளேட்டைத் திறந்தேன். பழைய அமெரிக்க பாட்ல, அதாவது வால்யூம், டோன் குமிழுக்கு அடியில இருக்கற பாகத்துல, நம்பர் குத்தியிருப்பான். 137ன்னு ஆரம்பிச்சா சிடிஎஸ் கம்பெனி, அடுத்த ரெண்டு எண் வருஷம், கடைசி ரெண்டு வாரம். பாட் செஞ்ச தேதிக்கு முன்னாடி கிட்டார் பிறந்திருக்க முடியாது, அவ்வளவுதான் அதுலேர்ந்து தெரியும். இங்க உள்ள இருந்தது சுண்டைக்காய் சைஸ்ல ரெண்டு மூணு பாட். "பி250கே"ன்னு பளிச்சுன்னு எழுதியிருக்கு. அண்ணன் எட்டிப் பார்த்து, "பாருங்க, எவ்வளவு சுத்தமா வச்சிருக்காங்க"ன்னார்.

இதுல வயித்தெரிச்சல் என்னன்னா, அது நல்ல பேஸ். முதல் ஃப்ரெட்டையும் (நெக்ல குறுக்கே பதிச்ச உலோகக் கம்பி) கடைசி ஃப்ரெட்டையும் சேர்த்து அமுக்கி நடுவுல பார்த்தேன், விசிட்டிங் கார்டு நுழையற இடைவெளி, நெக் கம்பு மாதிரி நேரா இருக்கு. பன்னிரண்டாவது ஃப்ரெட்ல சுருதி கொஞ்சமும் விலகலை. துருக் கம்பியிலேயே அப்படி. ஃப்ரெட்டும் தேயலை. "இந்தோனேசியா ஸ்க்வையர், 12,000"ன்னு போட்டிருந்தா அன்னிக்கே வாங்கி ஆட்டோவுல ஏத்தியிருப்பேன். சர்ச்ல, மெல்லிசைக் குழுவுல, பாதி ஊரு இதை வச்சுத்தான் வாசிக்குது. அதுல என்ன கேவலம்? நல்லா வாசிச்சுக்கிட்டிருந்த பொருளைச் சுரண்டி, தேய்ச்சு, பேரை மாத்தி, ஸ்க்ரூ தலையை வழிச்சு, கிழவனாக்கி உக்கார வச்சிருக்கான்.

இவரை விட்டா அடுத்த கோஷ்டி "லாசூட்" கோஷ்டி. ஜப்பான்ல செஞ்ச எந்தக் காப்பி கிடைச்சாலும் "லாசூட் எரா", அதாவது வழக்கு வந்த காலத்துப் பீஸ். அந்த வழக்கு 1977ல, இன்னொரு அமெரிக்க கிட்டார் கம்பெனியான கிப்ஸனோட தாய் கம்பெனி நார்லின், இபானெஸ்ங்கற ஜப்பான் பிராண்டை வித்த கம்பெனி மேல போட்டது. சண்டை ஹெட்ஸ்டாக் வடிவத்துக்கு. வழக்கு வந்தப்ப இபானெஸ் ஏற்கெனவே அந்தத் தலையை மாத்தியாச்சு. பேரே தெரியாத உன் ஜாஸ் காப்பிக்கும் அதுக்கும் என்னய்யா சம்பந்தம்?

இன்னிக்குக் காலையில மெசேஜ் போட்டேன். "அண்ணா, என் கையை எடுங்க."

பதில் வந்துச்சு. "கைதானே ப்ரோ, முகம் இல்லையே. இன்னொரு பீஸ் வந்திருக்கு. 1968. ஒரே கை. வந்து பார்க்கறீங்களா?"

சிரிச்சு சிரிச்சு காபி சட்டையில கொட்டிடுச்சு. துடைச்சுட்டு உக்கார்ந்தேன். ரெண்டு நிமிஷம் கழிச்சு நானே, இந்தக் கையாலேயே, "நெக் போட்டோ இருக்காண்ணா?"ன்னு டைப் பண்ணி அனுப்பியிருக்கேன்.

அப்புறம், போன டிசம்பர்ல கேரல் ரவுண்ட்ஸுக்குன்னு என் இருபதடி கேபிளை வாங்கிட்டுப் போன மகராசா, நீயும் இதைப் படிப்பேன்னு தெரியும். அடுத்த கிறிஸ்துமஸே வரப்போகுது. கொண்டு வந்து குடுடா.