எலிக்கு ஹெபடைட்டிஸ் பி தொற்றாது
"கொரியாவின் இன்ஜின்சுக் மூலிகை எலிகளின் ஹெபடைட்டிஸ் பி-யைக் குணப்படுத்திவிட்டது, இனி மாத்திரை வேண்டாம்" என்று ஒரு பதிவில் எழுதியிருப்பது தவறு. ஹெபடைட்டிஸ் பி கல்லீரலைத் தாக்கும் ஒரு வைரஸால் வருவது; சாதாரண எலிக்கு அந்த வைரஸ் தொற்றவே தொற்றாது. மனிதக் கல்லீரல் செல்லுக்குள் அது நுழையும் வாசல் என்டிசிபி என்ற புரதம் (2012-இல் கண்டறிந்தார்கள்). எலியின் என்டிசிபி அதை உள்ளே விடுவதில்லை.

இப்படிப்பட்ட மூலிகைச் சோதனைகள் பலவற்றில் கார்பன் டெட்ராகுளோரைடு என்ற நச்சு ரசாயனத்தைக் கொடுத்து எலியின் கல்லீரலைக் கெடுக்கிறார்கள். பிறகு ரத்தத்தில் ஏஎல்டி (கல்லீரல் செல்கள் சேதமானால் ரத்தத்தில் கசியும் நொதி) குறைந்தால், ரசாயனம் செய்த சேதம் குறைந்தது என்றுதான் பொருள். வைரஸ் அங்கே இல்லவே இல்லையே! வைரஸைச் சோதிக்க, அதன் உறவு வைரஸ்கள் தொற்றும் வாத்தோ வுட்சக்கோ (அணில் குடும்பத்துக் கொறிவிலங்கு) வேண்டும், அல்லது வைரஸின் மரபணுவைப் புகுத்திய எலி. அப்புறம்தான் மனிதர்கள்.

தயவுசெய்து இந்த வைரஸை அடக்கிவைக்கும் டெனோஃபோவிர், என்டெகாவிர் மாத்திரைகளை நீங்களாக நிறுத்தாதீர்கள். வைரஸ் மறுபடி பெருகிக் கல்லீரல் செயலிழக்கவும் கூடும்.